இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்: முதலில் உப்பை விரட்டுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டால், யாராவது ஒருவர் துளசியையோ நொச்சியையோ கொதிக்கவைத்து வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்) செய்துகொண்டிருப்பார். வேதியியல் எளிதுதான். இலைச்சாற்றிலுள்ள ஃபீனால், ஃப்ளேவனாய்டு வகைப் பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை உலோக வெள்ளியாக்குகின்றன. சாற்றின் பொருள்களே துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அது கட்டியாகாமலும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் நம் ஊரில் பழுப்பு நிறம் வரவேண்டிய குடுவையில் பல நேரம் மோர் மாதிரி ஒரு கலங்கல்தான் வரும். என்னை வெகுவாக இழுத்தடித்ததும் அதுதான், அதனால் அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் சாறு. என் தேர்வு குப்பைமேனி. காலிமனையெல்லாம் முளைத்துக் கிடக்கும். 2010-லேயே இதை வைத்து ஆய்வுக்கட்டுரை வந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. 10 கிராம் இலையைக் கழுவி நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 60 டிகிரியில் 15, 20 நிமிடம் வையுங்கள். மஸ்லின் துணியில் வடிகட்டி, அப்புறம் வாட்மேன் 1 வடிதாளில் இன்னொரு முறை. ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் அன்றன்று செய்வதே நல்லது.

அடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசல், செறிவு 1 மில்லிமோலார். 100 மி.லி.க்கு 17 மி.கி. வேண்டும். சாதாரணத் தராசில் 17 மி.கி.யை நிறுப்பது வீண் வேலை. 0.17 கிராமை 100 மி.லி.யில் கரைத்து 10 மில்லிமோலார் செய்துகொண்டு, அதிலிருந்து 10 மி.லி. எடுத்து 100 ஆக்குங்கள். பழுப்பு பாட்டில் இல்லாவிட்டால் ஃபாயில் சுற்றினால் போதும். கையுறை கட்டாயம், விரலில் பட்டால் ஏறும் கறுப்பு பல நாள் போகாது.

இப்போது அந்தத் தொல்லை. வெள்ளி அயனியும் உப்பிலுள்ள குளோரைடும் சந்தித்தால் உடனே வெள்ளி குளோரைடாக வீழ்படியும். ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே கலங்கிவிடும். நாக்குக்கு உப்புத் தெரிய ஏறக்குறைய 250 மி.கி. வேண்டும், அதனால் ருசி பார்த்து முடிவு செய்ய முடியாது. கடலோர போர்வெல் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். கேன் தண்ணீரும் உதவாது. கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நான் நம்புவதில்லை. எந்த உப்பு என்று அது சொல்லாது. ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். கறுப்புத் தாளை பின்னால் பிடித்துப் பாருங்கள். லேசாகப் பால் படர்ந்தாலும் அந்தத் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக்கூட இப்படிப் பார்த்துவிட்டே எடுங்கள்.

தண்ணீர் தேறினாலும் கண்ணாடிக் குடுவை மாட்டிவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசியது எதையும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசாமல் எடுக்காதீர்கள்.

மூன்றாவது இடம் இலையேதான். பிச்சாவரம் பக்கத்தில் இருப்பதால் பலருக்கு அலையாத்தி இலையில் செய்ய ஆசை. வெண்கண்டல் தன் இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளும் மரம். இலையில் உப்புப் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாகக் கழுவினாலும் உள்ளிருக்கும் உப்பு சாற்றில் இறங்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். தில்லை மரத்தின் பக்கமே போகாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிச்சாவரம் காப்புக்காடு, இலை பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, கலப்போம். 90 மி.லி. வெள்ளி நைட்ரேட்டைக் காந்தக் கலக்கியில் சுற்றவிட்டு, 10 மி.லி. சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இருட்டில் வையுங்கள். வெளிர்மஞ்சள் மெல்லப் பழுப்பாகும். ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி-விசிபிள் கருவியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு முகடு வரவேண்டும். அதே அளவு நீர்த்த வெறும் சாற்றை பிளாங்க்காக (ஒப்பீட்டுக் கரைசலாக) வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: சீக்கிரம் நடக்கட்டும் என்று சோடியம் ஹைட்ராக்சைடைக் கூடுதலாக ஊற்றினால் வெள்ளி ஆக்சைடும் பழுப்பாகத்தான் வீழும்.

துகளைப் பிரித்தெடுக்க, வேகமாகச் சுற்றி அதை அடியில் இறக்கும் சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஆர்.பி.எம்.முக்கு மேல், 15 நிமிடம். 4,000 மட்டும் சுற்றும் கருவியில் சிறு துகள்கள் அடியில் தங்காது. பெரிய சென்ட்ரிஃபியூஜ் காலியாகும் வரை காத்திருக்காமல், 1.5 மி.லி. குழாய் போடும் சின்னதே போதும் என்பது என் கட்சி. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர்ச் சோதனை) வெள்ளிக்கு 38, 44, 64, 77 டிகிரி அருகே முகடு வரும். 27.8, 32.2, 46.2 அருகேயும் வந்தால் அது வெள்ளி குளோரைடு. பல கட்டுரைகளில் இதை 'தாவரக் கரிமப் பொருள்' என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இனி, துகள் பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை. இதை மேற்பார்வையுள்ள நுண்ணுயிரியல் கூடத்தில் மட்டுமே செய்யுங்கள். முல்லர்-ஹின்டன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) குழி வெட்டி, ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் இரண்டையும் பார்க்கலாம். ஒரு குழியில் வெறும் சாறு, ஒன்றில் வெறும் வெள்ளி நைட்ரேட், ஒன்றில் நீர், ஒன்றில் ஆன்டிபயாட்டிக் இருக்கட்டும். சரியாகக் கழுவாத துகளில் மிச்சமுள்ள வெள்ளி அயனியே பாக்டீரியாவைக் கொல்லும். வெள்ளி நைட்ரேட் குழி இல்லாமல் அந்தச் சந்தேகத்தைக்கூட எழுப்ப முடியாது. துகளும் கரைந்து வெள்ளி அயனியை வெளியிடுகிறது. அது புரதங்களின் கந்தகத் தொகுதிகளில் ஒட்டி, செல் சவ்வைச் சிதைக்கிறது. குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டத்தின் விட்டத்தை வேறு கட்டுரையின் விட்டத்தோடு ஒப்பிடாதீர்கள், அகாரின் தடிமன் மாறினாலே அது மாறும். குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு, அதாவது வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவு, பார்ப்பது மேல்.

பின்சேர்க்கை: கழுவிய துகளைச் சலைனில் கலந்ததும் நிறம் சாம்பலாகி அடியில் தங்கிவிட்டது என்று விருத்தாசலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். திரும்பவும் உப்புதான். சலைனில் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள்.

இன்னொருவர், இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். கூடாது. வெள்ளியைத் தொடர்ந்து உட்கொண்டால் தோல் நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமாகும் ஆர்ஜிரியா வரலாம். புண்ணிலும் தடவாதீர்கள். மீந்த கரைசலைச் சிங்க்கில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் சேருங்கள். கடைசியில் அதில் ஒரு பிடி கல்லுப்பு போட்டால் கரைந்திருக்கும் வெள்ளி அடியில் இறங்கிவிடும், வடிகட்டி ஆய்வுக்கூடக் கழிவில் ஒப்படைக்கலாம்.