லினக்ஸ் கணினியில் வீட்டு இணையம் வரவில்லையா? வாய்க்கால் வழியே நடந்து பார்ப்போம்

மல்லாவியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, ஜெர்மனியில் இருந்து வந்த சித்தப்பா ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போனார். விண்டோஸ் இழுபட்டுக்கொண்டு நின்றதால் நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். கணினி நல்ல வேகம், ஆனால் வைஃபை பட்டியல் மட்டும் வரவேயில்லை. உயர்தரம் படிக்கும் மருமகள், "மாமா, பழையபடி விண்டோஸே போடுவமா?" என்று கேட்டாள். வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காக யாரும் லினக்ஸைக் கைவிட வேண்டியதில்லை.

வவுனிக்குளத்துத் தண்ணீர் வயலுக்கு வராவிட்டால் துருசில் இருந்து வாய்க்கால் வழியே நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான்.

முதலில் ரவுட்டர்

கைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வராவிட்டால் பிழை கணினியில் இல்லை. ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் பல வீடுகளில் சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். அதைத் தகரக் கூரைக்கு நெருக்கமாகவோ அலுமாரிக்குள்ளேயோ வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து யன்னலில் வையுங்கள். கரண்ட் போய் வந்திருந்தால் சிக்னல் பிடிக்கச் சில நிமிடம் பொறுங்கள். டேட்டா முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள்.

வைஃபை பட்டியலே தெரியாவிட்டால்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதலில் விமானப் பயன்முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய மடிக்கணினிகளில் பக்கவாட்டில் வைஃபைக்கென்று ஒரு சிறிய சுவிட்சும் இருக்கும். இரண்டும் சரி என்றால் பெரும்பாலும் டிரைவர், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் சிறு மென்பொருள், இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிராட்காம் என்ற நிறுவனத்தின் வைஃபை அட்டைகள் சிலவற்றுக்கான டிரைவர் திறந்த மென்பொருள் அல்ல. அதனால் லினக்ஸ் போட்டவுடன் அது தானாக ஓடாது, நாம்தான் நிறுவ வேண்டும்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது ஆண்ட்ராய்டு கைபேசி. யுஎஸ்பி கேபிளால் அதைக் கணினியில் செருகி, கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். சில விநாடிகளில் கணினி அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே கணினிக்கும் போகும், சிம் டேட்டா செலவாகாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். அக்கா வீட்டில் மூன்றாவது கேபிள்தான் வேலை செய்தது.

இப்போது மின்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டு என்ற மற்ற லினக்ஸ் வகையில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்பதைத் திறவுங்கள். பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று இருப்பதைத் தெரிவு செய்து நிறுவி, கணினியை மறுபடி தொடக்குங்கள். 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினி என்றால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை வைக்கச் சொல்லும். மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத் திரை வரும். அதில் 'என்ரோல்' என்பதைத் தெரிவு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பயந்து அதைத் தாண்டிப் போனால் டிரைவர் ஓடாது.

வைஃபை கடவுச்சொல் பிழை என்றே சொன்னால்

வெளிநாட்டில் இருந்து வந்த கணினியா? விசைப்பலகையை வடிவாகப் பாருங்கள். ஜெர்மன் பலகையில் வை (Y), இசட் (Z) எழுத்துகள் இரண்டும் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சுப் பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ. லினக்ஸ் நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்திருந்தால், நீங்கள் அழுத்துவது ஒன்று, விழுவது இன்னொன்று. கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திவிட்டுத் தட்டுங்கள், உடனே தெரிந்துவிடும்.

இணைந்தும் பக்கம் திறக்காவிட்டால்

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போட்டு என்டர் அழுத்துங்கள். இது கூகுளின் டிஎன்எஸ் முகவரி; தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். '64 பைட்ஸ்' என்று வரிவரியாக வந்தால் வழி திறந்திருக்கிறது. கண்ட்ரோலோடு சி அழுத்தி நிறுத்துங்கள். அப்புறம் எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்தான் அடைப்பு. இணைப்பின் பற்சக்கர அடையாளத்துக்குள் ஐபிவி4 பகுதியில், டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்து 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுச் சேமித்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

பிங் சரியாக வந்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று உலாவி மறித்தால் திகதியைப் பாருங்கள். பழைய கணினியின் உள் பட்டன் பேட்டரி செத்துப்போனால், கரண்ட் இல்லாமல் கிடந்து எழும்பும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் திகதிக்குச் செல்லாது. திகதியைத் திருத்தினால் போதும். பல மேசைக்கணினிகளில் அது சிஆர்2032 பேட்டரி, அதை மாற்றிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்று

இணைப்பு அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று ஒன்று இருக்கிறது, இது அளவோடு டேட்டா உள்ள இணைப்பு என்று கணினிக்குச் சொல்வதற்கு. 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை இயக்கி வையுங்கள். புதிதாக நிறுவிய லினக்ஸின் முதல் அப்டேட் நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். உங்கள் பேக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் அப்டேட்டை ஓட விட்டுவிட்டுப் படுங்கள், பகல் டேட்டா பிள்ளைகளின் படிப்புக்கு இருக்கட்டும்.