பாலியின் 1946 போர்: சார்ட் அட்டையில் வரைபடம் போடுவது எப்படி?

1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை மறுபடி பிடிக்க வந்தார்கள். ஜாவாவில் நடந்தது பலருக்குத் தெரியும். பக்கத்துத் தீவான பாலியில் நடந்ததை வரைந்து பார்த்தால்தான் விளங்கும்.

தேவையானவை: 56 × 71 செ.மீ. சார்ட் அட்டை ஒன்று, டிரேசிங் தாள் ஒன்று, எச்.பி. பென்சில், சிவப்பு, பச்சை, நீல ஸ்கெட்ச் பேனாக்கள்.

முதலில் அளவு. 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ. என்று வையுங்கள். பாலி கிழக்கு மேற்காக ஏறக்குறைய 150 கி.மீ.; அதாவது 60 செ.மீ. அட்டையை நெடுக்காக வைத்தால் தீவு வெளியே போய்விடும். படுக்கையாக வைத்து, இடப்பக்கம் 6 செ.மீ. விடுங்கள். அது ஜாவாவின் கிழக்கு முனைக்கு. நடுவிலுள்ள பாலி நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 2.4 கி.மீ.தான், வரைபடத்தில் 1 செ.மீ.கூட இல்லை. இதைக் கவனமாக வரையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

அடுத்து டச்சுக்காரர்களுக்கு நீலம். தென் பாலியின் நகரமான டென்பசாருக்குக் கிழக்கே இரண்டரை செ.மீ. தள்ளி சனூர் கடற்கரை. அங்கே 2 மார்ச் 1946 என்று குறியுங்கள். படைகள் இறங்கிய நாள் அது. பாலிப் படையின் தளபதி இ குஸ்தி நுரா ராய் அப்போது ஜாவாவில் இருந்தார். ஏப்ரலில் நீரிணையைப் படகில் கடந்து மேற்குக் கரைக்குத் திரும்பினார். இதற்குப் பச்சைக் கோடு.

பெரும்பாலோர் தவறுவது நுரா ராய் படையின் நெடும்பயணத்தை வரைவதில்தான். தபானான் பகுதியின் முண்டுக் மாலாங்கிலிருந்து கிழக்கே அகுங் மலை வரை ஒரே நேர்கோடாகக் கடலோரம் இழுத்துவிடுவார்கள். கடலோரச் சாலை டச்சுக்காரர் கையில். போராளிகள் போனது மலைக்காட்டு வழி. கோடும் நடுமலைகளை ஒட்டி வளைந்து போகவேண்டும். எதிரியின் கவனத்தைக் கிழக்கே இழுத்தால், ஜாவாவிலிருந்து உதவி மேற்கே வந்து இறங்கலாம் என்பது கணக்கு. ஜூலையில் மலைச்சரிவின் தானா அரோனில் மோதல். பிறகு பச்சைக் கோடு மேற்கே திரும்பட்டும்.

இப்போது டிரேசிங் தாளை அட்டையின் மேல்விளிம்பில் ஒட்டி, கீழே மடியவிடுங்கள். அதில் 15 நவம்பர் 1946 என்று எழுதி ஜாவாவுக்கு மட்டும் சிவப்பு அடியுங்கள். டச்சுக்காரர்களுக்கும் இந்தோனேசியக் குடியரசுக்கும் இடையிலான லிங்கர்ஜாத்தி உடன்பாட்டில் முதலெழுத்துக் கையொப்பம் விழுந்த நாள். குடியரசின் நடைமுறை அதிகாரம் ஜாவா, அதை ஒட்டிய மதுரா தீவு, சுமத்ரா ஆகியவற்றில் மட்டும் என்றது உடன்பாடு. சிவப்பு பாலி நீரிணையின் அந்த ஒரு செ.மீ.க்கும் குறைவான இடைவெளியில் நின்றுவிடும். முறையான கையொப்பம் 25 மார்ச் 1947-இல். அந்தத் தேதியைப் போட்டால் வரிசையே கவிழும்.

கடைசியாக மார்கா கிராமம். டென்பசாருக்கு வடமேற்கே சுமார் 8 செ.மீ. தூரத்தில் பச்சைப் புள்ளி; 20 நவம்பர் 1946. டச்சுப் படை சுற்றி வளைத்தது, விமானமும் வந்தது. நுரா ராயும் 95 பேரும் கடைசி ஆள் வரை போரிட்டு மடிந்தார்கள். பாலி மொழியில் இதற்குப் புபுத்தான் என்று பெயர். 1906-இல் டென்பசாரில் நடந்ததும் புபுத்தான்தான், ஆகவே ஆண்டை எழுதாமல் விடாதீர்கள். மார்கா நினைவிடத்தில் 1,372 கற்கள் உண்டு. அவை பாலி முழுவதும் அந்தப் போராட்டத்தில் இறந்தவர்களுக்கு. புள்ளியருகே எழுதவேண்டிய எண் 96.

மேல்தாளைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். 15-க்கும் 20-க்கும் இடையே ஐந்தே நாள்; பச்சைப் புள்ளி சிவப்புக்கு வெளியே இருக்கும்.