ரியாலிட்டி ஷோவுக்கு வெளிக்கிடுகிறீர்களா? முதலில் உங்கள் சட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் சின்னத் தையல் கடை ஒன்று வைத்திருக்கிறேன். 3 வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நடத்திய சமையல் போட்டிக்குப் போனேன். வேறு 10 பெண்களோடு ஒரே வீட்டில் 19 நாள் இருந்துவிட்டு, ஐந்தாவது சுற்றில் வெளியேறி வந்தேன். 2019இல் எங்கள் நாட்டு லொஸ்லியாவும் தர்ஷனும் பிக் பாஸ் வீட்டுக்குள் போனதைப் பார்த்தும், 2023இல் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் வென்றதைப் பார்த்தும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. தாய்மார் சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து, "என்னகா, அங்க எப்பிடி இருக்கும்?" என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா வடமோடிக் கூத்து ஆடினவர். கூத்துப் பழக்கத் தொடங்கும்போது சட்டம் கொடுத்தல் என்று ஒன்று நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று சொல்லி, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கையில் கொடுப்பார். தருமன் யார், துரியோதனன் யார் என்று அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தொலைக்காட்சியிலும் சட்டம் கொடுக்கிறார்கள். வாங்கினவருக்குத்தான் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் உங்களைத் தனியாக இருத்திப் பேட்டி எடுப்பார்கள். இரவில் படுக்க முன்னம், என்ன கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதிலை எழுதத் தேவையில்லை, கேள்வி மட்டும் போதும். முதல் 3 நாளில் என்னிடம் கேட்ட 14 கேள்வியில் 9 கேள்வி என் மகளைப் பற்றியது. அவளுக்கு அப்போது 7 வயது, அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். நான் சமைக்கிற வாவி றாலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். எனக்குக் கொடுத்த சட்டம் 'பிள்ளையை விட்டுட்டு வந்து அழுகிற அம்மா' என்று நாலாம் நாள்தான் விளங்கியது. அதற்குள் இரண்டு தரம் அழுது முடித்துவிட்டேன்.

"கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்க அக்கா" என்பார்கள். கேட்கிறவரின் குரலை வெட்டிவிடுவதால், நீங்கள் சொல்வது தனியே நின்றாலும் விளங்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் உங்கள் வாயிலிருந்து வருகிற முழு வசனத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். "அவவோட சேர்ந்து சமைக்க எனக்குப் பிடிக்கேல்ல" என்று ஒரு வசனம் சொன்னால் அது எந்த நாளுக்கும் பொருந்தும். "ரெண்டு பேருக்கும் ஒரு அடுப்புத்தான் தந்தவங்க, அதால இண்டைக்கு அவவோட சமைக்கப் பிடிக்கேல்ல" என்று காரணத்தை முன்னுக்குப் போட்டுக் கட்டிவிட்டால் வெட்டுகிறது கொஞ்சம் கஷ்டம். நான் இதை எட்டாம் நாள் படித்தேன். நீங்கள் பஸ் ஏற முன்னமே பழகுங்கள்.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்களுக்கு விளங்குகிற மொழியில் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை நாள், போக்குவரத்துச் செலவு யாருடையது, இடையில் விலகினால் என்ன, எவ்வளவு காலம் வெளியில் வாய் திறக்கக் கூடாது, உங்கள் படத்தை விளம்பரத்துக்கும் போடுவார்களா என்று பாருங்கள். நான் ஒரு நடையில் நின்று, கைப்பையை முழங்காலில் வைத்து அதன்மேல் கையெழுத்துப் போட்டவள். என்னைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

உடுப்பு எடுக்கும்போது நெருக்கமான கோடும் சின்னக் கட்டமும் வேண்டாம். ஆசைப்பட்டு மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று கொண்டுபோனேன். கமராவில் அது நடுங்குகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரே நிறத்தில் எடுங்கள். ஒரு நாள் விட்டதை மறுநாள் தொடர்ந்து எடுத்தால் அதே உடுப்பு வேண்டும், அதனால் முடிந்தால் ஒரே சட்டையில் இரண்டு தையுங்கள். (என் கடையில்தான் தைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.)

மைக்கின் பெட்டி இடுப்பில் இருக்கும். அது இருக்கிறது என்பதே இரண்டு நாளில் மறந்துபோகும். கோப்பை கழுவுகிற இடத்தில் நின்று ஒரு பிள்ளையின் சொதியைப் பற்றி மெதுவாக ஒரு கதை சொன்னேன். நாடு முழுக்கக் கேட்டது. அதில் எடிட்டிங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்னது நான்தான். அந்தப் பிள்ளையின் நம்பரை எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

6 கிழமை கழித்து ஒளிபரப்பானது. அம்மாவும் மகளும் நானும் சேர்ந்து பார்த்தோம். கணவர் கட்டாரில் இருந்து போனில் பார்த்தார். நான் அழுகிற இடம் வந்தது, பின்னால் வயலின் வேறு. மகள் திரும்பி, "அம்மா, நீங்க அழக்குள்ள நான் அம்மம்மாவோட மாமாங்கக் கோயிலுக்குப் போய் ஐஸ்கிறீம் குடிச்சன்" என்றாள்.

அதற்கு அடுத்த காட்சிதான் என்னை உலுக்கியது. அட்டனில் இருந்து வந்த தங்கச்சி ஒருத்தி, வெங்காயம் உரித்தபடி தன் தம்பி ஏன் பள்ளிக்கூடத்தை விட்டான் என்று சொல்லத் தொடங்குகிறாள். நான் "ஓம் ஓம், எங்கட வீட்டிலயும்" என்று என் கதைக்குள் இறங்கிவிடுகிறேன். அவளுடைய வாய் பாதி திறந்தபடி நிற்கிறது. பிறகு மூடிக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அது எனக்கு யாரும் கொடுத்த சட்டம் இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். "வீட்டிலயும் இப்பிடித்தான் மகள்" என்றார்.

ஆகவே, உங்கள் நிகழ்ச்சியை இரண்டு தரம் பாருங்கள். இரண்டாம் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டு, உங்களை விட்டு மற்றவர்களின் முகத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் கதைக்கும்போது யார் குனிகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று தெரியும். நிகழ்ச்சிக்கே போகாதவர்கள் கலியாண வீட்டு வீடியோவில் இதைச் செய்து பார்க்கலாம். ஆள் கதைத்து முடித்த பிறகும் இரண்டு தையல் போடுகிற நேரம் பொறுத்துத்தான் இப்போது நான் வாய் திறக்கிறேன். அந்த இடைவெளிக்குள் பாதிப் பேர் இன்னும் ஏதோ சொல்கிறார்கள். வாடிக்கையாளர் கழுத்து அளவு பற்றிச் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கேதான் வருகிறது.

அழுகிற அம்மா என்ற சட்டத்திலும் ஒரு துண்டு உண்மை இருந்தது. கொழும்பில் பிள்ளையை நினைத்து அழுத நான், வீட்டில் இரவு ஒன்பதரை வரைக்கும் மெசினில் இருந்து அவளுக்கு முதுகைக் காட்டியவள். இப்போது கடையை ஐந்தரைக்குப் பூட்டுகிறேன். வேலை முடிந்து வருகிற ஆசிரியைமார் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மாதக் கடைசியில் அது வலிக்கத்தான் செய்கிறது.

கூத்து அரங்கேறிய பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். நீங்கள் திரும்பி வந்ததும் அதே கதைதான். பரிசளிப்பு விழா, கோயில், கழகம் என்று கூப்பிடுவார்கள். ஒரு மாதம் போங்கள், பிறகு "ஆட்டம் முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பேஸ்புக்கில் உங்களைப் பற்றி எழுதுவதை முதல் 2 கிழமையும் நீங்கள் வாசிக்க வேண்டாம். நான் தம்பியின் கையில் போனைக் கொடுத்துவிட்டேன். அவன் நல்லதை மட்டும் வாசித்துக் காட்டினான், கள்ளன்.

போன கிழமை அட்டன் தங்கச்சி போன் எடுத்தாள். "அண்டைக்கு வெங்காயம் உரிக்கக்குள்ள உங்கட தம்பியப் பற்றிச் சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டேன். 40 நிமிடம் கதைத்தாள். ஒரு பிளவுஸின் கழுத்து முழுக்கக் கையால் தைத்து முடித்துவிட்டேன்.