தாத்தா எந்தப் பட்டாளம்? இரண்டாம் உலகப் போர்ச் சேவையைத் தேடிப் பிடிக்கும் வழி

"தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்." பல வீடுகளில் கைவசம் இருப்பது இந்த ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு டெல்லிக்கோ லண்டனுக்கோ கடிதம் எழுதினால் பதில் வராது, வந்தாலும் பயன்படாது. இந்திய ராணுவச் சிப்பாய்களின் ஆவணங்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் கோருக்கும் (எஞ்சினியர், சிக்னல்ஸ் போன்ற படைப்பிரிவு) தனித்தனி ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. ஆகவே முதலில் தெரியவேண்டியது எங்கே சண்டை போட்டார் என்பதல்ல. எந்தக் கோர், என்ன நம்பர் என்ற இரண்டும்தான்.

அதற்கு ட்ரங்குப் பெட்டியை இறக்குங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதில் நம்பர், ரேங்க், பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம், மெடல்கள் எல்லாம் இருக்கும். அது இல்லையென்றால் பே புக், பழைய கடித உறைகள், பென்ஷன் புத்தகம், சோல்ஜர் போர்டிலிருந்து (படைவீரர் நல வாரியம்) வந்த காகிதங்கள் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற முறையில் நில ஒப்படை வாங்கியிருந்தால் தாலுகா அலுவலகக் கோப்பிலும் நம்பர் இருக்கக்கூடும். போரில் சேவை செய்தவருக்கான மாதாந்திர உதவித்தொகையைத் தாத்தாவோ பாட்டியோ வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் கோர்த்திருப்பார்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. ஒரு எச்சரிக்கை: பென்ஷன் ஆணை எண்ணை ராணுவ நம்பர் என்று நினைத்து எழுதிவிடுவார்கள். ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு வேண்டியது சேரும்போது கொடுத்த நம்பர்.

காகிதங்களில் உள்ள சுருக்கெழுத்துகளும் நிறையச் சொல்லும். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது எஞ்சினியர் பிரிவு. ஜி.என்.ஆர். என்றால் கன்னர், பீரங்கிப் படை. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் சப்ளை, லாரிப் போக்குவரத்துப் பிரிவு. எம்.இ.எஃப். என்பது மத்தியக் கிழக்கு, சி.எம்.எஃப். என்பது இத்தாலிப் பக்கம், பை ஃபோர்ஸ் என்பது ஈரான், ஈராக். வீட்டில் "பர்மா" என்றே சொல்லிவந்த தாத்தாவின் காகிதத்தில் சி.எம்.எஃப். என்று இருந்தால் காகிதத்தை நம்புங்கள். அவரவர் கேட்ட பெரிய சண்டையின் பெயர்தான் வாய்மொழியில் நிலைக்கும்.

எந்தக் காகிதமும் இல்லையா? அப்போது போட்டோதான் சாட்சி. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் குறைந்தது 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். தொப்பி பேட்ஜ், தோள்பட்டைப் பித்தளை எழுத்து, நெஞ்சு ரிப்பன் (மெடலைக் குறிக்கும் துணிப்பட்டை) ஆகிய மூன்றையும் மட்டும் 1200இல் தனியாக எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம். ஒட்டிய இடத்தில்தான் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், பிய்த்தால் முதலில் போவது அதுதான். ஆல்பத்தோடு வைத்தே படமெடுக்கலாம். லேமினேஷன் கூடவே கூடாது.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ராணுவக்காரர் தன் ரிப்பனை இடது மார்பில் அணிவார். வலது மார்பில் தெரிந்தால், ஒன்று படம் திரும்பியிருக்கிறது, அல்லது இறந்துபோன உறவினரின் மெடலை வேறொருவர் அணிந்திருக்கிறார். சட்டைப் பொத்தான் பக்கத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ரேங்க். கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அந்நாளைய ஜமேதார், இரண்டு இருந்தால் சுபேதார். ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு "தாத்தா லெப்டினன்ட்" என்று முடிவுகட்டும் தவறு அடிக்கடி நடக்கிறது. பேட்ஜில் கிரீடம் இருந்தால் படம் பெரும்பாலும் 1950க்கு முந்தியது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் பிந்தியது, அதாவது அது போர்க்காலப் படமே அல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸுக்கே உரிய டூப்டா தொப்பி தெரிந்தால் தேடல் அவர்களின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இருக்கும் பெங்களூருக்குச் சுருங்கிவிடும். தோளோரத் துணிச் சின்னம் டிவிஷனை (பல யூனிட்கள் சேர்ந்த பெரிய படை) காட்டும்: சிவப்புக் கழுகு 4வது இந்திய டிவிஷன், சிவப்பு வட்டம் 5வது, அம்பு 7வது, கருப்புப் பூனை 17வது, சேவல் 23வது, சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஆசு 25வது, புலி 26வது.

கருப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனை நிறத்தின் அடர்த்தியை வைத்து அடையாளம் காணாதீர்கள். அன்றைய சில ஃபிலிம்களில் சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். கோடுகளின் எண்ணிக்கையும் அகலமும்தான் நம்பகமானவை. 1939-45 ஸ்டார் என்ற மெடலின் ரிப்பனில் மூன்று சம அகலப் பட்டைகள். பர்மா ஸ்டாரில் நடுவே அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஓர் ஆரஞ்சுக் கோடு.

மெடலே கையில் இருந்தால் இன்னும் நல்லது. பாலிஷ் போடாதீர்கள். விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருந்தால் தேய்ந்து போகும். சாய்வாக டார்ச் அடித்து லென்ஸ் வைத்துப் படியுங்கள். மெடல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதிலும் நிதானம் தேவை. பர்மா ஸ்டார் இருப்பதால் அவர் பர்மாவுக்குள் கால் வைத்தார் என்று சொல்லிவிட முடியாது. 1942 மே 1 முதல் 1943 டிசம்பர் 31 வரை வங்காளம், அசாமில் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. ஸ்டார் எதுவும் இல்லாமல் வார் மெடலும் இந்தியா சர்வீஸ் மெடலும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் உள்நாட்டிலேயே இருந்தவர். அதில் குறைவொன்றும் இல்லை. டிப்போவும் வொர்க்‌ஷாப்பும் இல்லாமல் எந்தப் போர்முனையும் நடக்காது.

கோர் தெரிந்தபின் அதன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குக் கடிதம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸும் பயனியர் கோரும் (உடலுழைப்புப் பிரிவு) பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, ஆர்டினன்ஸும் (ஆயுத, தளவாடப் பிரிவு) ஈ.எம்.ஈ.யும் (இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவு) செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ, விமானப்படை டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மும்பை. கடிதத்தை ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நம்பர், பெயர், தந்தை பெயர், அந்நாளைய கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த வருடம் உத்தேசமாகவாவது வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசு அல்லது உறவுமுறைச் சான்று, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள்.

பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: பென்ஷன் இல்லாதவரின் ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டன. போருக்காகச் சேர்ந்து 1945-47இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டை எட்டவில்லை, அதனால் இந்த வகையில் விழுவார்கள். ஆனால் அத்தோடு முடிந்துவிடாது. 'லாங் ரோல்' என்ற பேரேட்டை அழிப்பதில்லை. ஒருவருக்கு ஒரு வரிதான், ஆனாலும் நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் போன்றவை அதில் இருக்கும். ஆகவே முதல் கடிதத்திலேயே "சேவை ஆவணம் இல்லையெனில் லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று தனி வரியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் தாங்களாகத் தரமாட்டார்கள். இரண்டு மாதம் பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு.

பெயர்தான் பெரிய முட்டுக்கட்டை. முனுசாமி ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருப்பார். இனிஷியல் இருக்காது. வீட்டில் கூப்பிடும் பெயரையே சேரும்போது சொல்லியிருக்கலாம். வயதும் ஆள்சேர்ப்பு மருத்துவரின் உத்தேசமாகவே இருக்கும். ஊரை அந்நாளைய பெயரில் தேடுங்கள்: திருநெல்வேலி டின்னவேலி, தஞ்சாவூர் டாஞ்சூர், திருச்சி டிரிச்சினாப்பொலி, வேலூர்ப் பக்கமெல்லாம் வட ஆற்காடு.

போரில் இறந்தவர் என்றால் வழி சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் அடக்கம். கூடுதல் தகவல் பகுதியில் பல பேருக்குத் தந்தை பெயரும் கிராமமும் உண்டு, ஆகவே பெயரில் சிக்கினால் ஊர்ப் பெயரால் வடிகட்டுங்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, நினைவுச் சுவரில் பெயர் இருக்கும்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிப்பாயின் தனிக் கோப்பைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. அங்கே இருப்பவை யூனிட்களின் போர் நாட்குறிப்புகள். அவற்றின் கோப்பு வரிசை எண்கள்: மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (பிரிட்டிஷ் போர் அலுவலகம்) 169, இத்தாலிக்கு 170, தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. விருதுப் பரிந்துரைகள் 373. நாட்குறிப்பில் தாத்தாவின் பெயர் வருவது அபூர்வம். ஆனால் யூனிட்டும் தேதியும் தெரிந்தால், இன்ன நாளில் அவர் கம்பெனி (யூனிட்) எந்த ஆற்றில் பாலம் போட்டது என்பது வரை படிக்கலாம். உதாரணமாக, மெட்ராஸ் சாப்பர்ஸின் 12வது ஃபீல்ட் கம்பெனி 4வது டிவிஷனோடு இருந்தது. அந்த டிவிஷன் 1941இல் எரித்ரியாவின் கெரனிலும் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசினோவிலும் போரிட்டது. கடித உறையில் எஃப்.பி.ஓ. (போர்க்கள அஞ்சலகம்) எண் இருந்தால் தேதியோடு சேர்த்தே பாருங்கள். அந்த அஞ்சலகங்கள் படையோடு நகர்ந்தவை. எண் மட்டும் தெரிந்து தேதி தெரியாவிட்டால் தவறான நாட்டில் போய் நிற்பீர்கள்.

மலேயா, சிங்கப்பூரில் பிடிபட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் ராணுவக் கோப்பு பாதியில் நிற்கும். அப்போது தியாகி பென்ஷன் விண்ணப்பத்தைத் தேடுங்கள். மத்திய அரசு அந்தத் திட்டத்தை 1972இல் தொடங்கியது. விண்ணப்பத்தோடு சிறைச் சான்றோ, சக வீரரின் சாட்சிக் கடிதமோ இணைந்திருந்தால், முகாமின் பெயரும் தேதியும் அதிலிருந்து கிடைக்கும்.