பை/4 வேண்டும், 0.785 வேண்டாம்

கால்குலஸ் வீட்டுக்கணக்கில் 0 முதல் 1 வரை 1/(1+எக்ஸ்²) என்பதன் தொகையீடு. விடை பை/4 என்று எனக்கே தெரியும், ஆனால் பழையதாக வாங்கிய என் டிஐ-89 கால்குலேட்டர் திரும்பத் திரும்ப 0.785398 என்றே காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் மோட் விசையை அழுத்தி எஃப்2 பக்கத்துக்குப் போனால் 'எக்ஸாக்ட்/அப்ராக்ஸ்' (துல்லியமா, தோராயமா) என்று ஒரு வரி, அது 'அப்ராக்ஸிமேட்'டில் இருந்தது. 'ஆட்டோ'வுக்கு மாற்றினேன், பை/4 வந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தால், 1/2-க்குப் பதிலாக 0.5 என்று போட்டேன், மறுபடியும் தசமம். ஆட்டோவில் ஒரு புள்ளி வைத்தாலே போதும், தோராயத்துக்குத் தாவிவிடும். பின்னமாகவே எழுத வேண்டும்.

அப்புறம் எக்ஸ்²-ஐ வகையிட்டால் 2எக்ஸ் வராமல் 10 வந்தது! எப்போதோ எக்ஸில் 5-ஐச் சேமித்திருக்கிறேன். முகப்புத் திரையில் எஃப்6, அதில் 'கிளியர் ஏ-இசட்' கொடுத்ததும் சரியானது.

டிஐ-84 கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தேட வேண்டாம், அதில் குறியீட்டு இயற்கணிதமே (எக்ஸ், பை போன்றவற்றை எண்ணாக்காமல் அப்படியே வைத்துக் கணக்கிடுவது) கிடையாது. தொகையீட்டுக்கு எண்தான் தரும்.