ஊருக்குப் போகிறீர்களா? ஹார்ட் டிஸ்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள்

பெட்டியில் என்ன வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேச வந்தது கையளவு இடம் பிடிக்கும் ஹார்ட் டிஸ்கைப் பற்றி. பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து கொண்டுவந்துவிட வேண்டும் என்ற நினைப்போடு போகிறவர்கள் மட்டும் படித்தால் போதும்.

பயணத்துக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள், அதாவது தட்டுக்குப் பதில் சிப்பில் பதியும் டிஸ்க். சாதாரண ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும், படிக்கும் முனை அதற்கு மேலே தலைமுடியின் தடிமனைவிட எவ்வளவோ குறைந்த இடைவெளியில் மிதக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. ஆனால் திரும்பி வந்தபின் படங்களை எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். மின்சாரம் படாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். கிடப்பில் போட சுழலும் டிஸ்கே மேல், அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பார்த்தால் சரி. ஃபார்மெட், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை, எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும், விண்டோஸும் மேக்கும் அதில் எழுதும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது.

இனி சித்தப்பா.

"ஒரு ராத்திரிதான்டா, டிவில பெருசா பார்த்துட்டுக் காலையில தந்துடறேன்" என்று டிஸ்கைக் கேட்டார். அந்த ஆல்பங்களைக் கரையானிடமிருந்தும் மழை ஒழுக்கிலிருந்தும் இத்தனை காலம் காப்பாற்றியது அவர்தான். நாங்கள் கிளம்பியபோது எடுத்துப்போக முடியாததையெல்லாம் அவர் வீட்டில்தான் இறக்கிவைத்துவிட்டுப் போனோம். அவரிடம் போய் எந்த வாயால் மாட்டேன் என்பது?

பல டிவிகளில் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி உண்டு. அதற்கு டிவி யுஎஸ்பி டிஸ்கைத் தன் பாணிக்கு ஃபார்மெட் செய்தாக வேண்டும். செருகியதும் திரையில் அந்தக் கேள்வி வந்திருக்கிறது, யாரோ ரிமோட்டில் ஓகே அழுத்தியிருக்கிறார்கள். காலையில் டிஸ்க் பத்திரமாக என் கைக்கு வந்தது. காலி.

லேப்டாப்பில் இடம் நிறைந்துவிட்டதால் கடைசியாக ஸ்கேன் செய்தவை அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. நல்ல வேளையாக அது சுழலும் டிஸ்க். விரைவு ஃபார்மெட் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியலைத்தான் அழிக்கும், மேலே வேறு எதுவும் எழுதாதவரை படங்கள் தட்டிலேயே கிடக்கும். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் ஃபார்மெட்டோடு உள்ளே இருப்பதையும் துடைத்துவிட வாய்ப்பு அதிகம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். படங்கள் வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கோப்பின் பெயராகவே தட்டச்சு செய்திருந்தேன். "குடை பிடிச்சுட்டு நிக்கிறவ இல்ல, அவளுக்குப் பின்னால பாதி முகம் தெரியுதே, அவதான் உங்க பெரிய அத்தை." இப்போது அந்தப் படத்தின் பெயர் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும். கேமராவில் எடுத்த படம் என்றால் எடுத்த தேதியாவது உள்ளேயே இருக்கும். ஸ்கேன் செய்த படத்தில் மிஞ்சிப்போனால் ஸ்கேன் செய்த தேதி. வீடியோ காலில் மறுபடி ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிலரை அடையாளம் சொன்னார். சிலருக்கு, "அன்னைக்கே சொன்னேனே" என்று என்னையே பார்த்தார். பக்கத்திலேயே இருந்தவர்கள் இதையெல்லாம் எழுதிவைக்கத் தேவையே இல்லாமல் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆகவே விவரத்தைக் கோப்பின் பெயரில் மட்டும் வைக்காதீர்கள், படத்துக்குள்ளேயே எழுதுங்கள். டிஜிகேம், எக்ஸிஃப்டூல் இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள். தலைப்பு, விளக்கம் என்று நீங்கள் எழுதுவதைப் படக்கோப்பின் உள்ளேயே சேர்க்க முடியும். டிஜிகேமின் அமைப்புகளில் அதற்கான தேர்வைப் போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் போனாலும் அது கூடவே வரும்.

கேட்கிற உறவினர்களுக்கு என்று தனியாகப் பென் டிரைவ் கொண்டுபோங்கள். நகலை அதில் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள், திருப்பி வாங்கி உங்கள் லேப்டாப்பில் செருக வேண்டாம். போலிப் பென் டிரைவ்கள் உண்டு. கொள்ளளவு அதிகம் என்று காட்டும், உண்மையான அளவுக்கு மேல் போட்டது உள்ளே இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி சோதனை மென்பொருள் ஒன்றில் முன்கூட்டியே சோதியுங்கள்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இருக்கிறது: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி வேறு இடத்தில். பயணத்தில் இதன் பொருள், ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று கூட வருபவர் பையில், ஒன்று கிளவுடில். ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு பெட்டியை பேக்கப் என்று நினைக்காதீர்கள், ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். போனோடு ஒத்திசையும் கிளவுடும் அப்படித்தான், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், உள்ளே எழுதியதும் போகும். ஆவணமாக அனுப்புங்கள்.

பிரதி எடுத்ததும் மொத்த அளவு ஒன்றாக இருக்கிறது என்று திருப்தி அடைய வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பாருங்கள், முடிந்தால் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், ஒப்பிடுங்கள். அதன் பிறகே மெமரி கார்டைக் காலி செய்யுங்கள். இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். கிளம்புகிற அன்று, வண்டி வாசலில் நிற்கும்போதுதான் யாராவது, "பரண்ல இன்னொரு ஆல்பம் இருந்துச்சே" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.