ஜப்பானிய அனிமே நிறைவுப் பாடலைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஜப்பானிய மொழி தெரியாமலே ஒரு அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) பாடலைப் பிழையின்றிப் பாடக் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ரோமன் எழுத்தில் கிடைக்கும் வரிகளை நம்புவதைவிடத் தமிழ் எழுத்தில் நாமே எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஆனால் தமிழில் எழுதியதைத் தமிழைப் போலவே வாசித்தால் பாட்டு கெட்டுவிடும். எந்த இடத்தில் நம் வாசிப்புப் பழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையே இந்தச் செய்முறை முதன்மையாகச் சொல்கிறது.

படி 1: பாடலையும் பதிவையும் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிக்கு ‘ஒதொரு பொம்பொகொரின்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். 1990 ஜனவரியில் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சிபி மருகோ சான்’ என்ற சிறுவர் தொடரின் முதல் நிறைவுப் பாடல் இது. மூலக் காமிக்ஸை வரைந்த சகுரா மொமோகோவே வரிகளையும் எழுதினார்; இசையமைத்தவர் ஓடா தெத்சுரோ; பாடியது பி.பி. குயீன்ஸ் என்ற குழு. அதே ஆண்டு ஏப்ரலில் இசைத்தட்டாக வெளிவந்த இந்தப் பாடல், இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் ஒரிகான் பட்டியலில் அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது. ஆண்டின் இறுதியில் ஜப்பான் ரெக்கார்ட் விருதையும் பெற்றது. சிறுவர் தொடரின் முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது ஒலிப்பதற்காக உருவான ஒரு பாட்டு, ஒரு நாடே பாடும் பாட்டாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

பின்னாளில் கிமுரா கயேலா, ஈ-கேர்ள்ஸ் உள்ளிட்ட பலரும் இதைப் பாடியிருக்கிறார்கள். தாளத்தின் நடையும் குரலின் தன்மையும் பதிவுக்குப் பதிவு மாறுவதால், முதலில் 1990ஆம் ஆண்டுப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் ஒலிக்கும் வடிவம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான் என்பதால், தொடக்கநிலையினர் முழுப் பாடலுக்குப் போகாமல் அந்த வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: எழுதாமல் கேட்டல்

வரிகளைப் பார்க்காமல் சில முறை கேட்டு, கையால் தாளம் போடுங்கள். முன்னணிப் பெண் குரல் த்சுபோகுரா யுய்கோவுடையது. இடையே கரகரத்து நுழையும் ஆண் குரல் ப்ளூஸ் பாடகரான கொண்டோ ஃபுசனோசுகேவுடையது. இரண்டில் எதைப் பாடப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொருளைத் தேடி அலைய வேண்டாம். திருவிழாக் குழலின் ஒலி, தனுகி என்னும் விலங்கு தன் வயிற்றில் மேளம் கொட்டுவதாகச் சொல்லப்படும் ஒலி, இவற்றுக்கு நடுவே திடீரென எடிசனைப் புகழும் ஒரு வரி என்று வேண்டுமென்றே தொடர்பற்று எழுதப்பட்ட பாட்டு இது. நம் திரைப்பாடல்களில் வரும் பொருளற்ற ஒலிக்கோவைகளை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் எந்தச் சிரமமும் இராது.

படி 3: ‘கானா’ என்னும் ஜப்பானிய ஒலியெழுத்திலுள்ள வரிகளைப் பெறுதல்

இசைத்தட்டுடன் வரும் சிற்றேட்டிலோ, உரிமம் பெற்ற ஜப்பானிய வரித்தளங்களிலோ கிடைக்கும் வரிகளையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். ரசிகர்கள் ரோமன் எழுத்தில் எழுதி வைத்திருக்கும் வரிகளில் குறில் நெடில் வேறுபாடு அடிக்கடி விடுபட்டுப்போகிறது. பாடுகிறவருக்கோ அதுதான் உயிர்நாடி. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் சில வாரங்களில் பழகிவிடலாம். பழகும்வரை எழுத்துகளை ஒலித்துக் காட்டும் இணையக் கருவியின் துணையைக் கொள்ளலாம்.

படி 4: தமிழ் எழுத்தில் எழுதுதல்

வேலையின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

உயிரெழுத்துகளில் நமக்குச் சிக்கல் இல்லை. ஜப்பானிய மொழியின் ஐந்து உயிர்களும் அவற்றின் நெடில்களும் நம்முடைய அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஒ, ஓ என்ற பத்தில் அப்படியே அடங்கிவிடுகின்றன. எகர ஒகரக் குறில்கள் நம் எழுத்தில் இருப்பது பெரிய வசதி. ஐகாரத்தை மட்டும் பயன்படுத்தாமல் ‘அ-இ’ என்று பிரித்து எழுதுங்கள், ஏனெனில் அவை இரண்டு தனித்தனி அலகுகள். ரகரத்திலும் கவலை வேண்டாம். ஆங்கிலம் பேசுவோர் திணறும் ஜப்பானிய ரகரம் நம் இடையின ரகரத்துக்கு மிக நெருக்கமானது. அதை லகரமாகவோ றகரமாகவோ மாற்றாமல் இருந்தால் போதும்.

வல்லினத்தில்தான் சறுக்கல் நேர்கிறது. ‘பொம்பொ’ என்று எழுதினால் மெல்லினத்தை அடுத்து வரும் பகரத்தை ‘அம்பு’ என்ற சொல்லில் ஒலிப்பதைப் போல மென்மையாக ஒலிப்பது நம் பழக்கம். ஜப்பானியர் அந்த இடத்தில் ‘பல்’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் போல அழுத்தமாக ஒலிக்கிறார்கள். ‘மருகொ’ என்ற பெயரின் ககரமும் அப்படித்தான். நம் நாவுக்கு அது ‘மருகு’ என்பதில் வரும் மெலிந்த ககரமாக வந்துவிடும். இதற்குத் தீர்வு நம் ஸ்தோத்திரப் புத்தகங்களிலேயே இருக்கிறது. வடமொழிச் சுலோகங்களைத் தமிழில் அச்சிடும்போது க³, த³, ப³ என்று எண்ணிட்டு மெலிந்த ஒலியைக் காட்டும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எண் இட்ட எழுத்து மென்மையாகவும், எண் இடாத எழுத்து எந்த இடத்தில் வந்தாலும் அழுத்தமாகவும் ஒலிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால், பாடலின் தலைப்பு ‘ஒதொ³ரு பொம்பொகொரின்’ என்றும், தொடரின் பெயர் ‘சிபி³ மருகொ சன்’ என்றும் அமையும். சகரத்தைப் ‘பச்சை’ என்ற சொல்லில் வரும் ஒலிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் ஸ, ஷ, ஜ ஆகியவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

படி 5: அலகு எண்ணுதல்

ஜப்பானியப் பேச்சு ‘மோரா’ என்ற சம அளவுள்ள கால அலகுகளில் நடக்கிறது. நம் மாத்திரைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குழலொலியைக் குறிக்கும் ‘பீஹ்யர’ என்ற சொல்லில் பீ இரண்டு, ஹ்ய ஒன்று, ர ஒன்று, ஆக நான்கு. ‘ஹ்ய’ இரண்டு எழுத்தாகத் தெரிந்தாலும் ஓர் அலகுதான்.

மெய்யெழுத்தில் மட்டும் இரண்டு கணக்குகளும் பிரிகின்றன. நமக்கு ஒற்று அரை மாத்திரை. அவர்களுக்குச் சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் மூக்கொலி ஒரு முழு அலகு. ‘ஒ-தொ³-ரு-பொ-ம்-பொ-கொ-ரி-ன்’ என்று பிரித்துப் பாருங்கள். நம் கணக்கில் எட்டு மாத்திரை. ஜப்பானியக் கணக்கில் ஒன்பது மோரா. ‘ம்’, ‘ன்’ இரண்டையும் நாம் பாதியாகக் குறுக்குவதால் ஒரு முழு அலகு தொலைந்துபோகிறது. தமிழ் நாவோடு பாடுபவர்கள் அடியின் முடிவில் தாளத்தை முந்திக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மெட்டில் அந்த ஒற்றுக்குத் தனிச் சுரம் கிடைக்கலாம், அல்லது அது முந்தைய சுரத்தோடு சேர்ந்து நீளலாம். எதுவென்று பதிவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டில் எதுவானாலும் அதற்குரிய காலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

வல்லினம் இரட்டிக்கும் இடமும் இதே போன்றதுதான். ‘கொஞ்சம்’ என்ற பொருளுடைய ‘சொத்தொ’ என்ற சொல்லில் நடுவிலுள்ள ‘த்’ ஒரு முழு அலகுக்கு மூச்சை அடக்கி நிற்கிறது. பேச்சில் ‘ஸுகி’ என்பதன் உகரம் ஏறக்குறைய மறைந்து ‘ஸ்கி’ என்றே கேட்கும். ஆனால் பாட்டில் அதற்கென்று ஒரு சுரம் இருந்தால் உகரத்தை முழுமையாக ஒலிக்க வேண்டும்.

ஒவ்வோர் அலகுக்கும் இடையே கோடிட்டு முழுப் பாடலையும் எழுதி முடியுங்கள்.

படி 6: மெட்டின்றிச் சொல்லி, பிறகு பாடுதல்

காணொளியின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, மேசையில் ஒரு விரலால் அலகுகளைத் தட்டிக்கொண்டே வரிகளை முதலில் வெறுமனே சொல்லுங்கள். விரலும் நாவும் பிசகாமல் சேர்ந்து வந்த பிறகே மெட்டைச் சேருங்கள். அதன் பின்னரே இயல்பான வேகத்துக்குப் போங்கள்.

கர்நாடக இசையோ திரையிசையோ பயின்றவர்கள் நெடிலைக் கண்டதும் சங்கதி போட விரும்புவார்கள். இந்தப் பாட்டு அதைத் தாங்காது. சுரத்தை நேராகப் பிடித்து, நேராக விட வேண்டும். ஆண் குரலின் இடையீடுகளில் மட்டும் தொண்டையை உறுத்தாத அளவுக்குக் கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்கலாம்.

படி 7: பின்னணி இசையோடு ஒப்பிடுதல்

ஜப்பானிய சிங்கிள் தட்டுகளில் பாடகரின் குரலை நீக்கிய கரோக்கே பதிவும் வழக்கமாக இடம்பெறும். அதனோடு பாடி, செல்பேசியில் பதிவு செய்து, மூலத்தோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்தச் சொல்லில் தாளத்தை முந்துகிறீர்களோ, அந்தச் சொல்லில் பெரும்பாலும் ஓர் ஒற்றோ நெடிலோ இருக்கும். தாளில் அதை வட்டமிட்டு, அந்தச் சொல்லை மட்டும் தனியாகத் திரும்பச் சொல்லிப் பழகுங்கள்.

பாடியதை இணையத்தில் ஏற்ற விரும்பினால், வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை வேறு என்பதை அறிந்துகொண்டு ஏற்றுங்கள். நிறுவனம் வெளியிட்ட கரோக்கே பதிவைப் பின்னணியாக வைப்பதற்கு அந்த நிறுவனத்தின் அனுமதி தனியாகத் தேவைப்படும். கீபோர்டிலோ கிதாரிலோ நீங்களே வாசித்துப் பாடினால் அந்த இரண்டாவது சிக்கல் எழாது.